நடைக்கூலி

மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் அநேகமாக எல்லோருமே ஒரு நடையோடுதான் தொடங்கியிருக்கிறார்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைக் கிராமங்களிலிருந்து கடற்கரை வரை ஒரு நடை. தோணியேறி மன்னார்க் கரை. அங்கிருந்து காட்டு வழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று மாத்தளை வரை இன்னொரு நடை. பிறகு மலை. கோப்பிச் செய்கை 1823இல் தொடங்கியதைக் கணக்கில் வைத்து, அதன் இருநூறாவது ஆண்டான 2023இல் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதும் அந்த வழிதான் மீண்டும் மிதிபட்டது.

இந்த நடையைப் பற்றிப் பேசும்போது ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும். ‘நடந்தே மாண்டார்கள்’ என்பதே அது. மேடையிலும் வரும், பாடப்புத்தகத்திலும் வரும், எமது சஞ்சிகைகளில் வெளியாகும் கவிதைகளிலும் வரும். நெஞ்சைத் தொடும் வசனந்தான். ஆயினும் அதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. நடந்ததால் செத்தார்கள் என்றால் தூரம் கொன்றது, காடு கொன்றது என்றாகிறது. தூரத்தின் மீது யாரும் வழக்குப் போட முடியாது. உண்மையில் நடைக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துவிட்டு இந்த வசனத்துக்கு வருவோம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் தெமோதரைக்காரன். கடைவீதிக்கும் தோட்டத்துக்கும் நடுவே பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் எங்கே போவதென்றாலும் ஒன்றில் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். கால்களைப் பற்றிய யோசனை எனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது.

முதலில், நடை என்றால் என்ன? தோட்டத்துக் கானைத் தாண்டும் பையன் கையிலுள்ள கம்பைக் கானின் நடுவே ஊன்றுவான். ஊன்றிய கம்பின்மேல் அவன் உடம்பு எழும்பி, உச்சிக்குப் போய், மறுகரையில் விழும். எழும்பும்போது வேகம் குறையும், விழும்போது கூடும். நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் தரையில் ஊன்றி நிற்கும் காலே அந்தக் கம்பு. இடுப்பு சில சென்றிமீற்றர் உயர்ந்து தாழ்கிறது. உயரும்போது வேகம் உயரமாக மாறிச் சேமிப்பில் போகிறது. தாழும்போது சேமித்தது வேகமாகத் திரும்பி வருகிறது. இத்தாலிய உடற்றொழிலியலாளர் ஜோவன்னி கவாக்னாவும் அவருடைய சகாக்களும் 1960கள் தொடக்கம் இதை அளந்து காட்டினார்கள். மணிக்கு நாலு, ஐந்து கிலோமீற்றர் என்ற இயல்பான வேகத்தில் இந்தக் கொடுக்கல் வாங்கலின் மூலம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வரை மீட்கப்படுகிறது. தசைகள் புதிதாகப் போட வேண்டியது மிச்சத்தை மட்டுமே. மெதுவாகப் போனாலும், வேகமாகப் போனாலும் இந்த இலாபம் குறைந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மனிதர் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நடப்பது இதனால்தான்.

ஆகவே சமதரை நடை மிக மலிவானது. சும்மா இருப்பதற்கு ஆகும் செலவுக்கு மேலதிகமாக, ஒரு கிலோ எடையை ஒரு மீற்றர் நடத்திச் செல்ல ஏறத்தாழ 2 ஜூல் சக்தி போதும். ஜூல் என்றால் இலக்கியக்காரர்களாகிய எம்மில் பலருக்கு ஒன்றும் தோன்றாது. அரிசியில் சொல்கிறேன்.

ஐம்பது கிலோ எடையுள்ள ஓர் ஆள், தலையில் பத்துக் கிலோ சட்டி பானை மூட்டை. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 2 கோடி 88 இலட்சம் ஜூல் வருகிறது. கிலோ கலோரியில் சுமார் 6,900. சமைக்காத அரிசி நூறு கிராமில் ஏறத்தாழ 350 கிலோ கலோரி உண்டு. ஆக, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு மனிதன் நடந்த நடையின் முழு விலை இரண்டு கிலோ அரிசி. எங்கள் பழைய அளவையில் ஏறத்தாழ இரண்டு கொத்து. அந்தப் பன்னிரண்டு நாளும் நடக்காமல் ஒரு மரத்தடியில் குந்தியிருந்திருந்தாலும், உயிர் தரித்திருக்க மட்டுமே நாளுக்கு நானூறு கிராம் வீதம் ஐந்து கிலோ வரை வேண்டியிருந்திருக்கும். நடைச் செலவு அதில் பாதிகூட இல்லை.

இரண்டு கொத்து அரிசி. இந்தக் கணக்கை முதலில் போட்டபோது நான் மீண்டும் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். நடை கொல்லவில்லை. மனித உடம்பு அந்தத் தூரத்துக்காகவே செய்யப்பட்டது போல் இருக்கிறது. 2023இல் அதே வழியில் நடந்தவர்களில் வயதானவர்களும் இருந்தார்கள். வழியெங்கும் தண்ணீரும் சோறும் படுக்க இடமும் இருந்தன. காலில் கொப்புளத்தோடு மாத்தளை வந்து சேர்ந்தார்கள்.

அப்படியானால் அன்று கொன்றது எது? தசை செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. வெயிலில் மூட்டையோடு நடப்பவனுக்கு அந்த வெப்பத்தை வியர்வைதான் வெளியேற்ற வேண்டும். மணிக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை வியர்வை போகும். ஆக நாளுக்குப் பல லீற்றர் நல்ல தண்ணீர் வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டுமென்றால் வன்னிக் காட்டை வறண்ட மாதங்களில்தான் கடக்க வேண்டும். அந்த மாதங்களில் குளங்கள் சேறாகக் கிடக்கும். முன்னால் போன கூட்டம் கலக்கி அசுத்தப்படுத்திய தண்ணீரையே பின்னால் வரும் கூட்டமும் குடிக்கும். வாந்திபேதி அப்படித்தான் அந்தப் பாதை நெடுகப் பரவியது. காட்டுக் காய்ச்சலும் வைசூரியும் உடன் வந்தன. விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு போனால் கூட்டம் பிந்தும் என்று வழியில் விட்டுச் சென்றார்கள். 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் இறந்ததாகக் கூறும் மதிப்பீடு ஒன்று உண்டு. அதை ஏற்போரும் உள்ளனர், மிகையென மறுப்போரும் உள்ளனர். எண்ணிக்கை எதுவாயினும் காரணம் ஒன்றே. பத்து மைலுக்கு ஒரு நல்ல கிணறும், ஒரு கொட்டகையும், நோயாளியை வைத்துப் பார்க்க ஓர் ஆளும் இருந்திருந்தால் பெரும்பாலானோர் பிழைத்திருப்பார்கள். இவற்றுக்கு ஆகும் செலவைத் தோட்டக்காரர் அரசின் தலையிலும் அரசு தோட்டக்காரர் தலையிலும் போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் அத்தனை சாவும் நடந்தது.

இதோடு இன்னொரு விடயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழிச்செலவுக்கென்று கங்காணி மூலம் ஊரில் கொடுக்கப்பட்ட முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. தோட்டத்தில் காலடி வைத்த அன்றே அவன் கடனாளி. பற்றுச்சீட்டான துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை இந்தக் கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவனைத் துரத்திக்கொண்டே போனது. இரண்டு கொத்து அரிசிக்கு நடந்தவன், நடந்ததற்காகவே வருடக்கணக்கில் கட்டினான். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபக்கமும் ரயிலும் இணைந்த பின்னர் அந்தக் காட்டு வழி நடை பழங்கதையாயிற்று.

ஊவாவுக்கு வந்தவர்களுக்கு மாத்தளை முடிவல்ல. அங்கிருந்து மலை தொடங்குகிறது. இங்கேதான் கணக்கு மாறுகிறது.

ஊவா மலைகளில் சுமையோடு நடந்தவர்களில் எம்மவர் முந்தியவர்கள் என்பதை இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். கண்டி இராச்சியத்தில் மாட்டுப் போக்குவரத்துக்கென்று ‘மடிகே பத்த’ என்றொரு திணைக்களம் இருந்தது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரியது என்பதை லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட தமது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் மேலே போகும். பாக்கும் மற்றும் மலைநாட்டுச் சரக்குகளும் கீழே வரும். பொதிமாட்டு வரிசையைத் தவளம் என்பர். மாட்டின் முதுகில் சரக்கு, மாட்டுக்காரன் காலில் வழி. வெல்லஸ்ஸ முஸ்லிம்களை ஆங்கிலேயர் பழைய மடிகே அதிகாரத்திலிருந்து பிரித்து ஹாஜி முஹாந்திரம் ஒருவரின் கீழ் வைத்தது, 1817இல் வெடித்த ஊவாக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்று. மாடு நடத்திச் செல்வோரை யார் ஆள்வது என்ற கேள்வி ஓர் இராச்சியத்தையே அசைக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

தவளக்காரர் தூரத்தை மைலில் அளக்கவில்லை. சிங்களத்தில் ‘ஹூ’ என்றும், தமிழில் கூப்பிடு தூரம் என்றும் சொன்னார்கள். மலையில் அதுதான் புத்தியான அளவை. எதிர்மலையில் நிற்பவனைக் கூப்பிட்டால் கேட்கும், ஆனால் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் செல்லும். கட்டை கட்டையாக மைல்கல் நட்ட பிற்பாடுதான் ஏற்றமும் சமதரையும் ஒரே தூரம் என்ற எண்ணம் வந்தது. இன்றைய கைப்பேசியும் அதே புத்தியோடுதான் இருக்கிறது. காலிமுகத்திடலில் நடந்த ஆயிரம் அடியையும் தெமோதரையில் ஏறிய ஆயிரம் அடியையும் என்னுடையது ஒன்றாகவே எண்ணிக் காட்டுகிறது.

ஏற்றத்தில் ஊன்றுகம்பு வித்தை பலிக்காது. உடம்பு எழும்புகிறது, ஆனால் மறுபக்கம் விழுவதில்லை. சேமித்தது திரும்பி வராது. ஒவ்வோர் அடியும் புதுச் செலவு. தசையோ தான் எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கைத்தான் தூக்கும் வேலையாக மாற்ற வல்லது. அல்பேர்த்தோ மினெத்தி என்ற இத்தாலிய ஆய்வாளரும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, நாலடி முன்னே போக ஓரடி உயரும் சரிவில் நடைச் செலவு சமதரையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. நூறு மீற்றருக்கு நாற்பத்தைந்து உயரும் சரிவில் அது ஒரு கிலோவுக்கு, ஒரு மீற்றருக்கு 17 ஜூலைத் தாண்டுகிறது. அதே மினெத்தி 1995இல் வேறொன்றும் காட்டியிருந்தார். ஓர் உச்சிக்கு ஆகக் குறைந்த செலவில் ஏற வேண்டுமானால் பாதையின் சரிவு ஏறத்தாழ நாலுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தென்றால் வளைந்து வளைந்து போவதே மலிவு. மலைவாழ் மக்கள் கால்பாட்டிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கும் வளைவுகளின் கணிதம் இதுதான்.

ஸ்கொத்லாந்தில் வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892இல் ஒரு விதி சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணித்தியாலம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அது. பொழுதுபோக்குக்கு மலை ஏறுபவர்களுக்காகச் சொன்னது. ஊவா மலைகளில் தேயிலை நட்டுக்கொண்டிருந்த துரைமார்களில் கணிசமானோர் அந்த நாட்டுக்காரர்கள்தான். ஏற்றத்துக்கு நேரம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய நாட்டு மலையில் தெரிந்திருந்தது.

இனி ரயிலுக்கு வருவோம். ரயில் பாதை 1867இல் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளையை அது எட்டியது 1924 ஏப்ரலில். இடையில் முப்பது வருடம். அந்த முப்பது வருடமும் பண்டாரவளையில் இறங்கிய சனம் மூட்டை முடிச்சோடு எங்கள் பக்கம் நடந்தே வந்தது. இத்தனை தாமதத்துக்கு முதலாம் உலக யுத்தமும் பணமும் காரணம் என்றாலும், நிலமும் ஒரு காரணம். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் மிகக் குறைவு. நாற்பத்துநாலுக்கு ஒன்று என்பதே மலைப்பாதையில் எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்ட ஆகக் கூடிய சரிவு. நாற்பத்துநாலு அடி ஓடினால் ஓர் அடிதான் ஏறலாம், இறங்கலாம்.

தெமோதரையில் நிலம் அந்த அளவுக்குப் பொறுமை காட்டவில்லை. ஸ்டேஷனுக்கும் அதன் கீழுள்ள தடத்துக்கும் சுமார் நூறடி உயர வித்தியாசம். நூறடி இறங்க நாலாயிரத்து நானூறு அடித் தண்டவாளம் தேவை. ஆகவே எஞ்சினியர்மார் பாதையை ஸ்டேஷனிலிருந்து புறப்படச் செய்து, ஒரு குன்றை முழுவதுமாகச் சுற்ற வைத்து, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் கொண்டுவந்து விட்டார்கள். நீர்மின் திட்டத்தின் முன்னோடியான டி.ஜே. விமலசுரேந்திர, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டு இந்த யோசனையைப் பெற்றார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டியது அது. அழகான கதை. கங்காணியின் தலைக்கு அதில் இடம் கிடைத்திருக்கிறது.

சிறுவயதில் ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டதும் நாங்கள் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடுவோம். சுற்றி வந்து எஞ்சின் சுரங்கத்துக்குள் மூக்கை நீட்டும்போது நாங்கள் அங்கே நின்று மூச்சுவாங்கிக்கொண்டிருப்போம். எஞ்சின் நாலாயிரத்துச் சொச்சம் அடி ஓடி இறங்கியதை நாங்கள் நானூறு அடிக்குள் முடித்திருப்போம். கால் எவ்வளவு கெட்டிக்காரக் கருவி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அந்தப் பாடத்துக்கு மறுபக்கமும் உண்டு. எஞ்சினுக்கு நாற்பத்துநாலுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று வரைபடத்தில் எழுதினார்கள். அதற்காகக் குன்றைக் குடைந்தார்கள், எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலத்தை எழுப்பினார்கள். பாதையின் இருபுறமும் உள்ள தேயிலை மலைகளில் ஏறும் பெண்ணுக்கு இத்தனைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று ஒரு வரி எழுதப்பட்டதாக நான் எங்கும் வாசித்ததில்லை. கால் எங்கும் ஏறும் என்பதே அதற்குக் காரணம். வழுக்கி நின்று எதிர்ப்புத் தெரிவிக்கும் எஞ்சினுக்குச் சட்டம் கிடைத்தது.

அவளுடைய கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். நாற்பத்தைந்து கிலோ உடம்பு, இரண்டு கிலோ கூடையும் படங்கும். லயத்திலிருந்து அன்றைய மலைக்கு 150 மீற்றர் உயரம் ஏற்றம். தோட்டத்தில் ‘மலை’ என்பது தேயிலைத் துண்டத்துக்குப் பெயர் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. இந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 66 கிலோ கலோரி செலவாகும். மத்தியானம் கொழுந்து நிறுக்க இறங்கி மீண்டும் ஏறினால் 130. அரிசியில் நாற்பது கிராம்கூட இல்லை, ஒரு கைப்பிடி. இதுவும் சிறிய தொகைதானே என்று தோன்றும். ஆனால் மன்னார் வழி வாழ்நாளில் ஒருமுறை, மிஞ்சினால் சில முறை. மலை நாள்தோறும், முப்பது நாற்பது வருடம். வருடத்துக்கு இருநூற்றைம்பது நாள் வேலை என்றால் அந்தக் கைப்பிடி ஒன்பது கிலோவாகிறது. மன்னார் மாத்தளை நடையை அவள் ஒவ்வொரு வருடமும் நாலரைத் தடவை ஏற்றத்தில் மட்டும் நடந்து முடிக்கிறாள். சோகை பிடித்த உடம்பில், தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கொண்டு.

கூடையைச் சுமக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு சுவாரசியமான ஆய்வு வரலாறு உண்டு. 1986இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் மலோயியும் சகாக்களும் கென்யப் பெண்களைப் பற்றி எழுதினார்கள். லுவோ இனப் பெண்கள் தலையில் சுமப்பவர்கள். கிகுயு இனப் பெண்களோ முதுகுச் சுமையை நெற்றியில் மாட்டிய பட்டையால் தாங்குபவர்கள். எங்கள் கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் மடித்த துணியின்மேல் மாட்டப்படுவதற்கு நெருங்கிய உறவு இது. தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அந்தப் பெண்கள் மேலதிகச் சக்தி எதுவுமின்றிச் சுமந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. ஊன்றுகம்பு வித்தையை அவர்கள் மற்றவர்களைவிடத் திறமையாகச் செய்கிறார்கள் என்று 1995இல் விளக்கமும் வந்தது. 2005இல் நேபாளத்துச் சுமைகாரர் பற்றிய ஆய்வு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் எடையின் 93 வீதத்தையும் பெண்கள் 66 வீதத்தையும் நெற்றிப்பட்டையில் மாட்டி மலையேறினார்கள். மெதுவாக நடப்பது, அடிக்கடி நிற்பது, நீண்ட நேரம் நடப்பது என்பதே அவர்களுடைய இரகசியம்.

இந்த இரண்டையும் வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு ஒரு பயமும் வந்தது. சுமை இலவசம் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டால் சுமத்துகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? நல்லவேளையாக 2010இல் லோயிட் என்பவரும் சகாக்களும் தென்னாபிரிக்காவின் க்ஷோசா இனப் பெண்களை அளந்துவிட்டு, அப்படியொரு இலவசம் பொதுவாக இல்லை, ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுகிறது என்று காட்டினார்கள். தலைச்சுமையினால் கழுத்துக்கு வரும் வலியும் பதிவாகியது. நேபாளத்துக்காரர் தம் விருப்பப்படி நின்று நின்று போனார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அப்படி நிற்கும் சுதந்திரம் நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பவளுக்குக் கிடையாது.

சக்திக் கணக்கு முழுக் கணக்கல்ல என்பதை எனக்கு விளக்கியது எந்தச் சஞ்சிகையும் அல்ல. வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு தோட்டத்து அம்மா. ஏற்றந்தானே கடினம் என்று நான் கேட்டபோது அவர் சிரித்தார். “ஏத்தத்துல மூச்சுத்தான் சேர் வாங்கும். நின்னா போயிரும். எறக்கந்தான் முட்டியப் புடிச்சிக்கிட்டு வுடாது. ராவைக்கும் கூடவே படுத்துக்கும்” என்றார்.

மினெத்தியின் அளவீட்டில் நூறுக்குப் பத்து இறங்கும் சரிவில் நடைச் செலவு சமதரையின் பாதிதான். மனித நடையில் ஆக மலிவான இடம் அது. அதைவிடச் செங்குத்தாக இறங்கும்போது செலவு மீண்டும் கூடுகிறது, ஆனாலும் ஏற்றத்தைவிட மிகக் குறைவே. ஆனால் இறங்கும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்வதில்லை. இழுபட்டு நீண்டபடியே உடம்பைத் தடுத்து நிறுத்துகிறது. லொறி பிறேக் போடுவது போல என்று சொல்லலாம். எண்ணெய் எரியாது, பிறேக் தேயும். இழுபடும் தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. மூட்டு ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடையையும் சுமையின் எடையையும் பல மடங்காக வாங்குகிறது. கொழுந்து நிறைந்த கூடை எப்போதும் இறக்கத்திலேயே வருகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வெறுங்கூடை ஏறுகிறது, நிறைகூடை இறங்குகிறது. சக்தி அளக்கும் கருவியை அவள் முகத்தில் மாட்டினால், ஆகக் கூடிய சேதம் நடக்கும் நேரத்தில் ஆகக் குறைந்த செலவையே அது காட்டும்.

தோட்டக் கணக்கில் இந்த நடை எங்கே எழுதப்படுகிறது? ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று சொல்வார்கள். குறித்த நிறை கொழுந்து கொண்டுவந்தால் முழுப்பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். மேலதிகக் கிலோவுக்குத் தனிக்காசு. 1927இல் ஆகக் குறைந்த சம்பளத்துக்கான சட்டம் வந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. எத்தனையோ ஒப்பந்தங்கள் பேசப்பட்டன. பேச்செல்லாம் ரூபாயையும் கிலோவையும் பற்றியதே. பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏறும் அரைமணித்தியாலம் நடையாகக் கணக்கில் வருவதில்லை, கொழுந்து பறிக்கக் கிடைக்காமற்போன நேரமாகவே வருகிறது. தூரத்து மலைக்கு அனுப்பப்பட்டவளுக்கும் லயத்துக்குப் பக்கத்து மலையில் நிற்பவளுக்கும் அதே நிறைதான்.

இதைச் சொல்லும்போது எம்மவர் கதையையும் சொல்லியாக வேண்டும். உம்மாவின் வாப்பா புடவை மூட்டைக்காரர். சம்பளத்துக்கு மறுநாள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெமோதரையைச் சுற்றியுள்ள லயங்களுக்கு ஏறுவார். சேலை, சாரம், சீத்தைத் துணி. ‘நானா வந்துட்டாரு’ என்று பிள்ளைகள் ஓடிவரும் என்று பெருமையாகச் சொல்வார். கொப்பியில் கடன் எழுதி மாதாமாதம் வாங்குவார். கடைவீதியில் விற்கும் விலையைவிட அவருடைய விலை கொஞ்சம் கூட. ஏன் என்று உம்மா சிறுபிள்ளையில் கேட்டதற்கு ‘நடைக்கூலி, மகள்’ என்றாராம். நியாயமான பதில். அவர் ஏறிய ஏற்றத்துக்கு ஒரு விலை உண்டு என்பது அவருக்குத் தெரியும், அதைச் சரக்கின்மேல் வைக்கும் வசதியும் அவருக்கு இருந்தது. வைத்த விலையைக் கொடுத்தவள் அதே மலையில் தினமும் ஏறி இறங்கியவள். தன் நடைக்கூலியைக் கொழுந்தின்மேல் வைக்க அவளுக்கு வழி இருக்கவில்லை. எங்கள் சமூகத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான உறவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பிள்ளைகள் ஓடிவந்ததை எழுதுகிறார்கள். கொப்பியையும் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மழைக்காலத்தில் மடுவத்தடியில் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஈரக் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று நிறையில் ஒரு பகுதியைக் கழிப்பது பல தோட்டங்களில் வழக்கம். சாக்குக்கும் கழிவு உண்டு. எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும், தொழிற்சங்கங்கள் இதற்காக அடிக்கடி வாய்த்தர்க்கம் செய்வதும் உண்டு. தண்ணீருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது கணக்கப்பிள்ளையின் வாதம். அந்தத் தண்ணீரையும் சாக்கையும் அவள் வழுக்கும் படிகளில் நூற்றைம்பது மீற்றர் இறக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். தராசில் கழித்த பிறகு அடுத்த தடவைக்கு வெறுங்கூடையோடு அவள் மீண்டும் ஏறத் தொடங்குகிறாள்.